புண்பட்டது, புண்படுத்தியது, வேண்டுமென்றே புண்படுத்தியது: கருத்துரிமைச் சட்டத்தின் மொழி பற்றி ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கருத்துரிமை பற்றிய சட்டங்களைச் சட்ட வல்லுநர்களும் அரசியல் அறிஞர்களும் பலபட ஆராய்ந்துள்ளனர். மொழியியலார் இத்துறையுள் புகுந்தது குறைவு. ஆயினும் இச்சட்டங்கள் காப்பதும் மொழியே, தண்டிப்பதும் மொழியே. ஒரு தொடர் குற்றமா அன்றா எனத் தீர்ப்பதற்கு முன்னர் அத்தொடரின் பொருள் யாது, அதைக் கூறியவர் செய்தது யாது, கேட்டவரிடம் விளைந்தது யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். இம்மூன்றும் மொழியியலின் வினாக்கள். பள்ளி, இதழும் நூலும் திரையும், இணையம் ஆகிய மூன்று களங்களில் எழுந்த வழக்குகளைச் சான்றாகக் கொண்டு, சட்டமும் அதைக் கையாளும் அலுவலரும் இம்மூன்று வினாக்களையும் எவ்வாறு ஒன்றோடொன்று மயக்கிவிடுகின்றனர் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. இக்கட்டுரையாளர் வாழும் தில்லியின் துவாரகா பகுதியில், ஒரு பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் தமிழில் ஒரு வரி எழுதினான். குழுவில் அவனையன்றி வேறு இரு தமிழ் மாணவர்களே இருந்தனர். குடிநீர்க் குழாயைச் செப்பனிடப் போவதாகப் பள்ளி பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாரங்கள் கடந்தும் குழாயில் நீர் வரவில்லை. மாணவன் எழுதிய வரி இது: 'நோட்டீஸ் ஒட்டிக் கிழிச்சாங்க.' அதே நாளில் அவ்வறிவிப்பை யாரோ கிழித்துவிட்டிருந்தனர். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கருவி அவ்வரியை 'அறிவிப்பை ஒட்டிப் பின் கிழித்தார்கள்' என்று ஆங்கிலத்தில் தந்தது. மாணவனுக்கு வகுப்புத் தடை விதிக்கப்பட்டது. 'ரொம்பக் கிழிச்சாங்க' என்று தமிழர் கூறும்போது எதுவும் கிழிவதில்லை என்பதையும், செயல் ஒன்றும் நிகழவில்லை என்னும் எள்ளலே அவ்வினையின் பொருள் என்பதையும், தொடரின் எழுவாய் அறிவிப்பை ஒட்டிய பள்ளியினரே என்பதையும் விளக்கி ஒரு பக்கம் எழுதித் தருமாறு அவன் பெற்றோர் என்னிடம் கேட்டனர், எழுதித் தந்தேன். மூன்றாம் நாள் தடை நீங்கியது. ஆனால் 'மரியாதையற்ற மொழி' என்னும் குறிப்பு அவனது பதிவேட்டில் நின்றுவிட்டது.

கிழித்தான் என்ற குற்றச்சாட்டு பொய்யானபின் மரியாதைக்குறைவு என்ற குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? தொடரின் பொருள் குறித்த குற்றச்சாட்டு வீழ்ந்தவுடன், கேட்டவரின் மனநிலை குறித்த குற்றச்சாட்டு அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. இவ்விடமாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

2. மூன்று தொடர்கள்

தமிழில் பின்வரும் மூன்று தொடர்களை ஒப்பிட்டு நோக்குக.

(அ) அவர் மனம் புண்பட்டது.
(ஆ) அப்பேச்சு அவர் மனத்தைப் புண்படுத்தியது.
(இ) அவன் வேண்டுமென்றே அவர் மனத்தைப் புண்படுத்தினான்.

முதல் தொடரில் வினைமுதல் என ஒருவர் இல்லை. நுகர்வோர் மட்டுமே உள்ளார். 'படு' என்பது ஒன்றற்கு உட்படுதலைக் குறிக்கும். இரண்டாவதில் 'படுத்து' என வினை மாறுகிறது. காரணம் ஒன்று எழுவாயாகிறது. ஆனால் அவ்வெழுவாய் உயர்திணையாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேச்சும் புண்படுத்தலாம், மௌனமும் புண்படுத்தலாம். மூன்றாவதில்தான் செய்பவன் ஒருவனும் அவனது நோக்கமும் தோன்றுகின்றன. கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை எனப் பகுத்துக் காட்டியது முதல் இரண்டு தொடர்களுக்கு இடையிலான வேறுபாட்டை நன்கு விளக்கும். மூன்றாவதற்கு வினையின் வடிவம் மட்டும் போதாது. 'வேண்டுமென்றே' போன்றதோர் அடை இன்றியமையாதது.

(இ) மெய்யானால் (ஆ) மெய். (ஆ) மெய்யானால் (அ) மெய். இதன் மறுதலை பொருந்தாது. ஒருவர் புண்பட்டார் என்பதிலிருந்து இன்னொருவர் புண்படுத்தினார் என்பது பெறப்படாது. புண்படுத்தியது என்பதிலிருந்து வேண்டுமென்றே செய்தார் என்பதும் பெறப்படாது. இவ்வேறுபாட்டை எழுத்தறியாத தமிழரும் அறிவர். 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை' என்று அன்றாடம் கூறுவோர், (அ)வை ஏற்று (இ)யை மறுக்கின்றனர்.

ஆங்கில மெய்யியலார் ஜே.எல். ஆஸ்டின் கூற்றை மூவகைச் செயலாகப் பகுத்தார். அவர் மறைவுக்குப் பின் 1962இல் நூலாக வெளிவந்த அவரது சொற்பொழிவுகள், சொல்லுதல், சொல்லும்போதே ஒன்றைச் செய்தல், சொன்னதனால் ஒன்று விளைதல் எனக் கூற்றின் மூன்று நிலைகளை வேறுபடுத்தின. நமது மூன்று தொடர்களும் இப்பகுப்போடு ஓரளவு பொருந்துவன. விளைவு கேட்பவரைச் சார்ந்தது. நோக்கம் கூறியவரைச் சார்ந்தது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மெய்ப்பிக்க இயலாது.

நாவினால் உண்டாகும் வடுவைத் தமிழ் மரபு அறியாததன்று. அதைப் பேசும் குறள் (129) இடம்பெற்றிருப்பது அடக்கமுடைமை அதிகாரத்தில் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அது பேசுவோன் தன் நாவுக்குத் தானே இடும் கட்டுப்பாடு. அரசன் பிறன் நாவுக்கு இடும் தண்டம் அன்று. அறநூலின் வேண்டுகோளைத் தண்டச் சட்டத்தின் கட்டளையாக மாற்றும்போது, 'வேண்டுமென்றே' என்னும் அடை சட்டத்தின் உயிர்நிலையாகிறது.

3. சட்டத்தின் சொற்கள்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) உறுப்பு பேச்சுரிமையையும் கருத்து வெளிப்பாட்டு உரிமையையும் குடிமக்களுக்கு அளிக்கிறது. 19(2) உறுப்பு அவ்வுரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளைக் கூறுகிறது. இவ்வுறுப்பின் வரலாற்றில் சென்னைக்கும் தில்லிக்கும் சமபங்கு உண்டு. 'கிராஸ் ரோட்ஸ்' இதழைச் சென்னை மாநிலம் தடுத்ததை எதிர்த்த ரொமேஷ் தாப்பர் வழக்கிலும், 'ஆர்கனைசர்' இதழுக்குத் தில்லியில் முன்தணிக்கை விதித்ததை எதிர்த்த பிரிஜ் பூஷண் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 1950 மே 26 அன்று ஒரே நாளில் இதழ்களின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. ஒன்று இடதுசாரி இதழ், மற்றொன்று வலதுசாரி இதழ். அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்தது. 'பொது ஒழுங்கு' முதலிய புதிய காரணங்கள் சேர்ந்தன. கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருத்தல் வேண்டும் என்னும் அடையும் உடன் சேர்ந்தது. 1963இல் பதினாறாம் திருத்தம் 'இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்னும் தொடரைச் சேர்த்தது. அத்திருத்தம் திராவிட நாட்டுக் கோரிக்கையை மனத்துட் கொண்டது என்பதையும், மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார் என்பதையும் தமிழ் வாசகர் அறிவர்.

19(2)இல் எண்ணப்பட்ட காரணங்களுள் 'புண்படுதல்' இல்லை என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. அவதூறு உண்டு, குற்றத்துக்குத் தூண்டுதல் உண்டு, நீதிமன்ற அவமதிப்பு உண்டு, ஒருவர் மனவருத்தம் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் சேர்க்கப்பட்ட 295அ பிரிவு சமய உணர்வு பற்றியது. அப்பிரிவும் 'வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு' செய்ததையே தண்டிக்கிறது. அப்பிரிவு செல்லும் என 1957இல் ராம்ஜி லால் மோதி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதற்கு இவ்வடைகளே முதன்மைக் காரணம். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவிலும் அவை அவ்வாறே உள்ளன. ஆக, சட்டம் எழுதப்பட்டிருப்பது (இ) தொடரின் இலக்கணத்தில். நடைமுறையில் அது வாசிக்கப்படுவது (அ) தொடரின் இலக்கணத்தில். புகார் கொடுப்பவர் மெய்ப்பிப்பது தாம் புண்பட்டதை. வழக்குப் பதிவாவது மற்றவர் புண்படுத்தியதாக.

4. பள்ளி

பள்ளியைப் பொறுத்தவரை இந்தியாவின் தலையாய தீர்ப்பு, 1986 ஆகஸ்டு 11 அன்று வழங்கப்பட்ட பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்பதாகும். கேரளத்தின் கிடங்ஙூரில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சார்ந்த மூன்று குழந்தைகள், பள்ளியில் நாட்டுப்பண் பாடப்பட்டபோது எழுந்து நின்றனர்; பாடவில்லை. 1985 சூலையில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். கேரள உயர் நீதிமன்றம் நாட்டுப்பண்ணின் சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எவருடைய சமய உணர்வுக்கும் மாறான சொல் அதில் இல்லை என முடிவு கண்டு மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம்.எம். தத்தும் அவ்வாய்வே வழிதவறியது என்றனர். பாட்டில் என்ன உள்ளது என்பது வினா அன்று. பாடாமல் நிற்றல் சட்டப்படி குற்றமா, குழந்தைகளின் நம்பிக்கை உண்மையானதா என்பனவே வினாக்கள். பாடியே தீரவேண்டும் என எச்சட்டமும் இல்லை. கல்வித்துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. எழுந்து நின்றதே மதிப்பு. குழந்தைகளை மீண்டும் சேர்க்குமாறு நீதிமன்றம் பணித்தது.

மொழியியல் நோக்கில் இத்தீர்ப்பு இரண்டு வகையில் சிறப்புடையது. முதலாவது, சொற்பொருளை மட்டும் ஆராய்ந்து கூற்றின் பொருளை அறிய இயலாது என்பதை அது ஏற்றது. இரண்டாவது, மௌனத்தையும் கருத்து வெளிப்பாட்டின் எல்லைக்குள் கொணர்ந்தது. ஒரு தடை இங்கு எழலாம்: குழந்தைகளின் அகநம்பிக்கையை நீதிமன்றம் ஏற்றதுபோல, புண்பட்டோரின் அகவுணர்வையும் ஏற்க வேண்டாவா? ஏற்கலாம், ஆனால் அதனால் பெறப்படுவது வேறு. கிடங்ஙூர்க் குழந்தைகள் தம் நாவுக்கு உரிமை கேட்டனர். புண்பட்டேன் என்று தடை கோருவோர் பிறர் நாவின்மீது உரிமை கேட்கின்றனர்.

இரண்டாம் சான்று தமிழர் நெஞ்சுக்கு நெருக்கமானது. என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடநூலில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் கருத்துப்படம் ஒன்று இடம்பெற்றிருந்தது. போராடும் மாணவன் ஒருவனைச் சுட்டி, அவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது என்னும் பொருள்பட அப்படத்தின் வாசகம் அமைந்திருந்தது. 2012 சூனில் கருணாநிதி அதை நீக்கக் கோரினார். வைகோ உள்ளிட்ட தலைவர்களும் கண்டித்தனர். சில வாரங்களுக்கு முன்னர்தான், அம்பேத்கரையும் நேருவையும் காட்டும் 1949ஆம் ஆண்டுச் சங்கர் கருத்துப்படம் ஒன்றினால் நாடாளுமன்றத்தில் கொந்தளிப்பு எழுந்து, பாடநூலின் முதன்மை ஆலோசகர்களாகிய யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்சிகரும் பொறுப்பு விலகியிருந்தனர்.

இப்படத்தின் வலி முழுவதும் ஓர் உம்மையில் அடங்கியுள்ளது. 'ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது' என்றால் அது ஒரு செய்தி. 'ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது' என்றால், நம் இலக்கணிகள் எச்சவும்மை என்று கூறுவதற்கேற்ப, இந்தி தெரியாது என்பது கூறாமலே பெறப்படுகிறது. கூறாமல் பெறப்படுவதை மறுப்பது கடினம். எனவே அது ஆழமாகத் தைக்கும். 1964இல் சின்னச்சாமியும் 1965இல் சிவலிங்கமும் அரங்கநாதனும் தீக்குளித்த வரலாற்றை உடைய மக்களுக்கு அவ்வும்மை உவப்பானதன்று. இக்கட்டுரையாளருக்கும் அன்று அது சினமூட்டியதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அதே உம்மைக்கு மற்றொரு வாசிப்பும் உண்டு: இரண்டு ஆட்சிமொழிகளுள் எதையும் ஒரு சிறுவனுக்குக் கற்பிக்காத கல்வி யாருடைய குற்றம்? எள்ளப்படுபவன் சிறுவனா, அவனைச் சூழ்ந்த பெரியோரா என்பதைப் படம் முடித்துக் கூறவில்லை.

படங்களை ஆராய எஸ்.கே. தோரட் தலைமையில் அமைந்த குழு பலவற்றை நீக்கப் பரிந்துரைத்தது. குழு உறுப்பினருள் திராவிட இயக்க வரலாற்றில் ஆழ்ந்த புலமை உடைய எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாறுபட்ட குறிப்பு எழுதினார். அவர் நிலையே வலிமையுடையது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஓர் உம்மை எவ்வாறு இழிவைச் சுமக்கிறது என்பதை மாணவர் கற்கத்தக்க இடம் வகுப்பறையே. அங்கிருந்து படத்தை நீக்கினால் இழிவு நீங்குவதில்லை. அதைப் பகுத்துக் காணும் பயிற்சியே நீங்குகிறது.

அமெரிக்க நாட்டில் 1969இல் டிங்கர் வழக்கில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவரின் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காத்தது. பள்ளிப்பணிக்குக் கணிசமான இடையூறு உண்டா என்பதே அங்குக் கொள்ளப்பட்ட அளவுகோல். 2021இல் மகனாய் வழக்கில், பள்ளிக்கு வெளியே மாணவி ஒருத்தி இணையவழி அனுப்பிய கடுஞ்சொல்லுக்கும் பெரும்பாலும் அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது. நம் நாட்டில் இணையத்தில் எழுதும் மாணவர் பற்றி இத்தகைய தெளிவான அளவுகோல் இன்னும் உருவாகவில்லை. துவாரகா மாணவனின் பதிவேட்டுக் குறிப்பு இவ்வெற்றிடத்தில் எழுதப்பட்டதே.

5. திரையும் இதழும் நூலும்

'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் தமிழ்த் திரைப்படம் இடஒதுக்கீட்டுக் கொள்கையைக் குறைகூறியது. தணிக்கைச் சான்று பெற்ற அப்படத்தின் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 1989 மார்ச்சு 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீட்டளித்தது. நீதிபதி ஜெகந்நாத செட்டி எழுதிய அத்தீர்ப்பு, பேச்சுக்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப்போல நெருக்கமானதாக இருக்க வேண்டும் என்றது. வன்முறை நிகழும் என்னும் அச்சுறுத்தலுக்கு அரசு பணிதல் ஆகாது என்றும், படத்தை முழுமையாகக் காண வேண்டும் என்றும் வலியுறுத்தியது. இடஒதுக்கீட்டை உறுதியாக ஆதரிப்போருக்கும் இத்தீர்ப்பு ஏற்புடையதாதல் வேண்டும். நமக்கு ஒவ்வாத கூற்றைக் காக்கும் அளவுகோலே நம் கூற்றையும் காக்கும்.

1994இல் நக்கீரன் இதழ் தொடர்பான ஆர். ராஜகோபால் வழக்கில், மரண தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாறு வெளிவருவதை அலுவலர்கள் முன்கூட்டியே தடுக்கச் சட்டத்தில் இடமில்லை என உச்ச நீதிமன்றம் கூறியது. இங்கும் அடிப்படை ஒன்றே: அலுவலரின் மனவருத்தமோ அச்சமோ சட்டம் ஆகாது.

இவ்வளவு தெளிவுக்குப் பின்னரும் மாதொருபாகன் நிகழ்ச்சி நடந்தது. பெருமாள்முருகனின் அப்புதினம் 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. நான்கு ஆண்டுகள் அது வாசிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது, 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2014 திசம்பரில்தான் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. புதினத்தின் சில பக்கங்கள் மட்டும் படியெடுக்கப்பட்டு மக்களிடையே பரப்பப்பட்டன. பனுவலின் ஒரு பகுதியை அதன் முன்பின்னிலிருந்து அறுத்தெடுத்து வேறு சூழலில் வைப்பது வெறும் மேற்கோள் அன்று. அது புதியதொரு கூற்று. அதன் வினைமுதல் படியெடுத்தவரே. காளியும் பொன்னாவும் குழந்தையின்மையால் படும் துயரின் ஊடாக வந்த ஒரு வருணனை, அத்துயர் நீக்கப்பட்டவுடன் ஊரைப் பற்றிய குற்றச்சாட்டாக மாறியது. மக்கள் புண்பட்டது உண்மையாக இருக்கலாம். (ஆ) தொடரின் எழுவாய் எது என்பதே வினா.

2015 சனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்த அமைதிப் பேச்சில் வருத்தம் தெரிவிக்க முன்வந்த ஆசிரியரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பே கோரப்பட்டது. இவ்விரு சொற்களுக்கும் இடையில் உள்ள தொலைவு பெரிது. வருத்தம் தெரிவிப்பவர் (அ)வை ஏற்கிறார். மன்னிப்புக் கேட்பவர் (இ)யை ஏற்கிறார். அறையில் இருந்தோர் அனைவரும் தமிழர்; அவ்வேறுபாட்டை அறிந்தே அச்சொல் கேட்கப்பட்டது. ஆசிரியர் கையொப்பமிட்டார், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என முகநூலில் அறிவித்தார். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் தமிழில் எழுதுவதை நிறுத்தினார். இதை நிறுத்தியது எந்தச் சட்டமும் அன்று. ஒரு கூட்டத்தில் ஒரு சொல்.

2016 சூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அவ்வுடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றனர். நூலை முழுமையாக வாசிக்க வேண்டும் என்றனர். ஆசிரியர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்னும் கருத்தோடு தீர்ப்பை முடித்தனர். நூல்கள் தொடர்பான பூசல்களில் கருத்துரைக்க வல்லுநர் குழு அமைக்குமாறும் அரசுக்குக் கூறினர். தீர்ப்பின் பிற பகுதிகளைப் பாராட்டும் நாம் இப்பகுதியை ஐயத்தோடு நோக்க வேண்டியுள்ளது. வல்லுநர் குழு என்பது மற்றொரு தணிக்கைக் குழுவாக மாற நெடுநாள் ஆகாது; சொல்லின் பொருளை விளக்குவது வல்லுநர் பணி, அது வாழலாமா என முடிவு செய்வது அவர் பணி அன்று.

6. இணையம்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு 2008 திருத்தத்தால் சேர்ந்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அப்பிரிவின் சொல்லமைப்பு மூன்று நிலைகளையும் ஒரே பாத்திரத்தில் கலந்தது. முதல் உட்பிரிவு 'மிகவும் வெறுக்கத்தக்க' அல்லது 'அச்சுறுத்தும் தன்மையுடைய' செய்தியைக் குற்றம் என்றது. இங்கு நோக்கம் பற்றிய பேச்சே இல்லை. 'தக்க' என்னும் ஈற்றை நோக்குக: யாரால் வெறுக்கத்தக்கது? எழுவாய் மறைந்துவிட்டது, மறைந்த எழுவாயின் இடத்தில் புகார் கொடுப்பவர் எவரும் அமரலாம். அடுத்த உட்பிரிவு எரிச்சல், வசதிக்குறைவு, ஆபத்து, அவமதிப்பு, பகை முதலியவற்றை ஒரே அடுக்கில் வைத்தது. எரிச்சலும் ஆபத்தும் ஒரே வேற்றுமை ஏற்று நிற்பதால் ஒரே எடை உடையன ஆகா.

இதன் விளைவுகளை நாடறியும். 2012 அக்டோபரில் அரசியல் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர் கைதானார். அடுத்த மாதம் மகாராட்டிரத்தின் பால்கரில், தலைவர் ஒருவர் மறைவையொட்டி நகரம் அடைக்கப்பட்டதை வினவிய இளம்பெண் ஒருவரும், அவ்வரியை விரும்பிச் சொடுக்கிய தோழியும் கைதாயினர். அவ்வாண்டே தொடரப்பட்ட சிரேயா சிங்கல் வழக்கில் 2015 மார்ச்சு 24 அன்று 66அ முழுமையாகச் செல்லாது என நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் தீர்ப்பளித்தனர். விவாதித்தல், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் என அத்தீர்ப்பு மூன்றைப் பிரித்து, மூன்றாவது மட்டுமே கட்டுப்பாட்டுக்கு உரியது என்றது. இது சொற்களின் அகராதிப் பொருளைக் கொண்டு செய்த பகுப்பு அன்று, பேச்சுச்செயல்களின் பகுப்பு.

அப்பிரிவின் சொற்கள் பிரித்தானிய அஞ்சல், தகவல்தொடர்புச் சட்டங்களிலிருந்து வந்தவை. அங்கும் அவற்றின் பொருள் நிலைபெறவில்லை. 2006இல் கொலின்ஸ் வழக்கில் ஒரே தொலைபேசிச் சொற்களைக் கீழ் நீதிமன்றங்கள் 'மிகவும் வெறுக்கத்தக்கன அல்ல' என்றன. பிரபுக்கள் அவை 'ஆம்' என்றது. இம்முரணை எடுத்துக்காட்டியே, நீதிபதிகளுக்கே தெளிவுறாத சொல்லைக் குடிமகன் எவ்வாறு அறிவான் என நம் உச்ச நீதிமன்றம் வினவியது.

இருப்பினும் வீழ்ந்த பிரிவின் கீழ் வழக்குகள் தொடர்ந்து பதிவாயின. 2021இல் இதை அறிந்த உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபரில் அப்பிரிவின் கீழ் எவர்மீதும் வழக்குத் தொடரலாகாது என ஆணையிட்டது. சட்டம் மாறினாலும், புண்பட்டதைப் புண்படுத்தியதாக வாசிக்கும் பழக்கம் மாறுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

2025 மார்ச்சு 28 அன்று தீர்ப்பான இம்ரான் பிரதாப்கடி வழக்கு மொழிபெயர்ப்பின் இடத்தை நன்கு உணர்த்துகிறது. காணொளி ஒன்றின் பின்னணியில் ஒலித்த உருதுக் கவிதைக்காகக் குசராத்தின் ஜாம்நகரில் வழக்குப் பதிவாயிற்று. நீதிபதிகள் ஓகாவும் புயானும் கவிதையின் மொழிபெயர்ப்பை வாசித்து, அது வன்முறையைத் தூண்டவில்லை எனக் கண்டு வழக்கை நீக்கினர். சொற்களின் விளைவை உறுதியும் துணிவும் உடையோரின் அளவுகோலால் அளக்க வேண்டும். எங்கும் ஆபத்தைக் காணும் வலுவற்ற மனத்தின் அளவுகோலால் அன்று என்றனர். 1946இல் நாகபுரி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் கூறிய கருத்தின் தொடர்ச்சியே இது. கவிதையை முதலில் வாசிக்க வேண்டியவர் வழக்குப் பதிந்த காவலர். அவ்வாசிப்பு உச்ச நீதிமன்றம் வரை சென்றே கிடைக்கிறது எனில், அத்தொலைவைக் கடக்க இயலாதோர் நிலை என்ன?

அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அமைவன. தமிழில் தோன்றிய தொடர் ஆங்கிலத்தில் நின்றே நீதி பெறுகிறது. உம்மையும் எள்ளலும் முன்னிலைப் பன்மையும் அங்கு வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடுவது இயல்பு.

7. ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாதத்துக்கு வலிய மறுப்பு ஒன்றுண்டு. சொல் புண்படுத்தாது என்று கூறுவோர் பெரும்பாலும் புண்படாத இடத்தில் நிற்போரே; சாதிப் பெயரால் ஏசப்பட்டவரிடம் நோக்கத்தை மெய்ப்பிக்கச் சொல்வது கொடுமை என்பது அம்மறுப்பு. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சொல்லமைப்பை 66அ பிரிவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இழிவுபடுத்தலைக் குற்றமாக்கும் அச்சட்டப் பிரிவில், செய்பவர் யார் (பட்டியல் சாதி, பழங்குடியைச் சாராதவர்), யாரை (அவற்றைச் சார்ந்தவரை), எங்கு (பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்), எந்நோக்கத்தோடு (இழிவுபடுத்தும் நோக்கத்தோடு) என வினை வேண்டும் இடங்கள் யாவும் நிரம்பியுள்ளன. வரலாறு முழுவதும் ஒரு திசையில் மட்டுமே எறியப்பட்ட சொல்லை அது தண்டிக்கிறது. 66அ பிரிவில் அனுப்புநர் தவிர ஏனைய இடங்கள் வெறுமையாக இருந்தன. வெற்றிடங்களை நிரப்பியவர் வலியவரே. எனவே வினா, சொல்லைத் தண்டிக்கலாமா என்பதன்று. முழுமை பெற்ற வாக்கியத்தால் தண்டிக்கிறோமா, எழுவாய் அற்ற வாக்கியத்தால் தண்டிக்கிறோமா என்பதே.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன மூன்று. ஒன்று, புண்பட்டதும் புண்படுத்தியதும் வேண்டுமென்றே புண்படுத்தியதும் தமிழின் இலக்கணத்திலேயே வேறு வேறு. புகார் பெறும் அலுவலரும் பள்ளித் தலைவரும் இம்மூன்றையும் தனித்தனியே வினவிப் பதிதல் வேண்டும். இரண்டு, தண்டிக்கும் சட்டத்தொடர் எதுவாயினும் அதில் யார், யாரை, எங்கு, எந்நோக்கத்தோடு என்னும் இடங்கள் வெறுமையாக இருத்தல் ஆகாது. மூன்று, பிற மொழியில் அமைந்த கூற்றைக் கருவியின் மொழிபெயர்ப்பைக் கொண்டு குற்றமாக்குதல் கூடாது; அம்மொழி அறிந்தவர் விளக்கம் முதற்கண் பெறப்படல் வேண்டும். சட்டம் பயிற்றும் நிறுவனங்கள் மொழியியலையும், மொழியியல் துறைகள் சட்டத்தின் மொழியையும் பாடமாகக் கொள்வது இதற்குத் துணைசெய்யும். துவாரகா பதினான்காம் பகுதியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளது. தில்லியின் பல்கலைக்கழகங்களில் மொழியியல் துறைகள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே பாலம் அமைத்தல் அரிதன்று.

முன்னுரையில் கூறிய மாணவன் இன்று பன்னிரண்டாம் வகுப்பில் பயில்கிறான். குழாயில் நீர் வருகிறது. அவன் இன்றும் அக்குழுவில் எழுதுகிறான். ஆனால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே எழுதுகிறான். தமிழில் எழுத வேண்டா என்று அவனுக்கு எவரும் ஆணையிடவில்லை.